வோல்ட் குறைந்தால் கேத்தல் கூடுதல் கரண்ட் இழுக்குமா?

வெள்ளவத்தை அண்ணா:
வணக்கம். தங்கச்சி இந்த வருடம் சாதாரண தரம் எழுதுகிறாள், மின்னியல் பாடத்தை நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். நேற்று இரண்டு பேரும் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டோம். எங்கள் கேத்தலின் அடியில் 230 வோல்ட், 2000 வாட் என்று இருக்கிறது. வலு என்பது வோல்ட் தர அம்பியர், ஆகவே 2000ஐ 230ஆல் வகுக்க 8.7 அம்பியர், தடை 26 ஓம் சொச்சம். இதுவரை சரி. ஆனால் எங்கள் ஒழுங்கையில் இரவு ஏழு மணிக்குப் பிறகு வோல்ட் 210 வரை இறங்கிவிடும், தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்கவே நேரம் எடுக்கும். அப்போது 2000ஐ 210ஆல் வகுத்து 9.5 அம்பியர் ஓடும் என்கிறேன் நான். அவளோ 210ஐ 26ஆல் வகுத்து 8 அம்பியர்தான் என்று பிடிவாதமாக நிற்கிறாள். யார் சரி?

இன்னொன்று. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கிய மல்டிமீட்டரால் பழைய 60 வாட் குண்டு பல்பை அளந்தால் 65 ஓம் காட்டுகிறது. கணக்குப்படி 880 வர வேண்டும். கேத்தலை அளந்தபோது மட்டும் 26.3 என்று ஒழுங்காகக் காட்டியது. மீட்டர் பழுதா? கரண்டை நேரே அளக்க மீட்டரை 10 அம்பியரில் வைத்து பிளக் பொயிண்டில் குத்திப் பார்க்கலாமா?

கொட்டாஞ்சேனை வயர்மன்:
தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: தயவுசெய்து குத்த வேண்டாம். அம்பியர் அளக்கும் நிலையில் மீட்டருக்குள் தடை என்று சொல்லும்படி எதுவும் இல்லை, இரண்டு துளைக்கும் நடுவே வெறும் கம்பியை வைப்பதும் அதுவும் ஒன்றுதான். 230ஐ அரை ஓமால் வகுத்துப் பாருங்கள், 460 அம்பியர். நல்ல மீட்டர் என்றால் உள்ளே பியூஸ் போகும், மலிவானது கையிலேயே வெடிக்கும். கிளாம்ப் மீட்டர் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்குங்கள், ஒரு வயரைச் சுற்றி மட்டும் போட வேண்டும், இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஒன்றை ஒன்று அடித்து பூச்சியம் காட்டும்.

பௌதிகம் பிரியன்:
தங்கச்சிதான் சரி. கேத்தலுக்குள் இருப்பது ஒரு கொயில், அதற்கு 2000 வாட் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதனிடம் இருப்பது 26.45 ஓம் தடை மட்டும்தான். 230 வோல்ட் கொடுத்தால் 2000 வாட், 210 கொடுத்தால் 210ஐ 210ஆல் பெருக்கி 26.45ஆல் வகுக்க 1667 வாட். வோல்ட் குறைந்தது 9 சதவீதம்கூட இல்லை, வலு 17 சதவீதம் போய்விட்டது, ஏனென்றால் வோல்ட்டோடு சேர்ந்து அம்பியரும் இறங்குகிறது. உங்கள் தேத்தண்ணியே இதற்குச் சாட்சி: ஒன்றரை லீற்றர் தண்ணீர் 28 பாகையிலிருந்து கொதிக்க 2000 வாட்டில் ஏறக்குறைய 3 நிமிடம் 46 செக்கன், 1667 வாட்டில் நாலரை நிமிடம். நீங்கள் சொல்வதுபோல் 2000 வாட் மாறாமல் நின்றிருந்தால் இரவிலும் ஒரே நேரத்தில்தான் கொதித்திருக்கும்.

உங்கள் எண்ணம் பொருந்தும் இடமும் இருக்கிறது. மடிக்கணினி சார்ஜர் போன்றவை உள்ளே தங்களைத் தாங்களே சரிசெய்துகொள்ளும், வோல்ட் குறைந்தால் அதற்கேற்ப அம்பியரைக் கூட்டி இழுக்கும். ஆனால் அவற்றில் வெறும் ஓமின் விதியைப் போட்டுக் கணக்குப் பார்க்க முடியாது. மின்விசிறி, பிரிட்ஜ் போன்ற மோட்டார்களிலும் வோல்ட்டையும் அம்பியரையும் பெருக்கினால் வருவது உண்மையான வாட் அல்ல, அதைவிடக் கூடுதலாகவே வரும்.

மீட்டர் பழுதில்லை, பல்ப் குளிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். எரியும்போது டங்ஸ்டன் இழை 2500 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாகும், அப்போது தடை பதின்மூன்று, பதினான்கு மடங்காகும். 65ஐ பதின்மூன்றரையால் பெருக்கினால் உங்கள் 880 வந்துவிடும். ஓமின் விதியில் ‘வெப்பநிலை மாறாதிருக்கையில்’ என்று வரும் வரியைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுகிறார்கள், அதைத் தங்கச்சிக்கு இந்தப் பல்பை வைத்தே காட்டுங்கள். கேத்தல் கொயில் நிக்கல்குரோம் கம்பி, சூட்டில் அதன் தடை பெரிதாக மாறாது.

வெள்ளவத்தை அண்ணா:
இரண்டு பேருக்கும் நன்றி, தங்கச்சி வீடு முழுக்கச் சொல்லித் திரிகிறாள். கிளாம்ப் மீட்டர் கிடைத்தது. இன்றிரவு கேத்தல் போடாமல் 218 வோல்ட், போட்டதும் அதே இடத்தில் 212. கரண்ட் 8.1 அம்பியர். 212ஐ 26.3ஆல் வகுத்தால் அதேதான் வருகிறது! ஆனால் அந்த 6 வோல்ட் எங்கே போனது?

கொட்டாஞ்சேனை வயர்மன்:
நல்ல கேள்வி கேட்டீர்கள். 6ஐ 8.1ஆல் வகுத்தால் 0.74 ஓம், அவ்வளவு தடை கேத்தலுக்கு வெளியே, வயரிலும் இணைப்பிலும் இருக்கிறது. 6ஐ 8.1ஆல் பெருக்கினால் 49 வாட். ஒரு சோல்டரிங் அயன் அளவு சூடு உங்கள் சுவருக்குள்ளோ பிளக்குக்குள்ளோ கிடக்கிறது. முழு வயரிலும் பரவியிருந்தால் கொஞ்சம் பரவாயில்லை, ஓரிடத்தில் லூசாக இருந்து அங்கேயே பாதி எரிந்தால் பிளாஸ்டிக் உருகும். கேத்தல் கொதித்து முடிந்ததும் பிளக்கைக் கழற்றி அதன் பின்களைத் தொட்டுப் பாருங்கள். அடப்டரோ மல்டி பிளக்கோ நடுவில் இருக்கிறதா?

வெள்ளவத்தை அண்ணா:
இருந்தது அண்ணா. பழைய 5 அம்பியர் உருண்டைத் துளை பொயிண்ட், அதில் அடப்டர் போட்டுத்தான் இவ்வளவு காலமும் பாவித்தோம். ஒரு பின் கை வைக்க முடியாத சூடு, ஓரத்தில் பழுப்பு நிறத்தில் கருகியும் இருந்தது. அம்மா பார்த்துப் பயந்துபோனார். இன்று எலக்ட்ரீஷியன் வந்து தனி வயர் இழுத்து 13 அம்பியர் பொயிண்ட் போட்டார். இப்போது கேத்தல் போட்டால் இறங்குவது 2 வோல்ட்தான், பின் வெதுவெதுப்பாக மட்டும் இருக்கிறது. பழைய பொயிண்டைத் தங்கச்சி விஞ்ஞான ஆசிரியருக்குக் காட்ட எடுத்து வைத்திருக்கிறாள்.