ஊர்ல ஓடியாடிக்கிட்டு இருந்த அம்மா இங்க வந்து ஒடுங்கிப் போய்ட்டாங்க, என்ன பண்ணலாம்?

மன்னைப்பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 72 வயசு. பத்து மாசம் முன்னாடி அப்பா தவறிட்டார், தனியா விட மனசு வராம மன்னார்குடி பக்கத்துலேர்ந்து சென்னைக்கு கூட்டிட்டு வந்துட்டோம், எட்டு மாசமா எங்களோடதான் இருக்காங்க. ஊர்ல காலைல அஞ்சு மணிக்கு வாசல் தெளிச்சு கோலம் போட்டு, கொல்லையில கீரை பறிச்சு, நாலு வீட்டுக்கு கொடுத்துட்டு வந்துதான் காபியே குடிப்பாங்க. இங்க மூணாவது மாடி பிளாட், வேலைக்கு ஆள் இருக்கு, சமையல் நான் பாத்துக்கறேன், "இவ்ளோ நாள் உழைச்சது போதும், சும்மா உக்காரும்மா"னு எதையும் தொட விடல. இப்ப நாளெல்லாம் டிவி முன்னாடி உக்காந்திருக்காங்க, ஆனா அதைப் பாக்கறாங்களானே தெரியல. பின்னாடி நின்னு கூப்பிட்டா திரும்பறதில்ல. போன வாரம் என் பொண்ணு ஸ்கூல்ல கீழ விழுந்த கதைய சொல்லிட்டிருந்தா, அம்மா சம்பந்தமே இல்லாம சிரிச்சாங்க, கொழந்த மூஞ்சி வாடிப்போச்சு. சோபாலேர்ந்து எந்திரிக்க ரெண்டு கையையும் ஊன்றாங்க. சாப்பாடு காலைல ரெண்டு இட்லி, மத்தியானம் கொஞ்சம் ரசம் சாதம், ராத்திரி பாலும் பிஸ்கட்டும் அவ்ளோதான். சுத்த சைவம். சுகருக்கு 12 வருஷமா மெட்பார்மின் போடறாங்க, பாதம் மரத்துப்போகுதுங்கறாங்க. "வயசானா அப்படித்தான்"னு வீட்டுக்காரர் சொல்றார். எனக்கு மனசு கேக்கல, இது மறதி நோயோட ஆரம்பமானு பயமா இருக்கு.

பிசியோ அக்கா:
பயப்படாதீங்கம்மா, ஆனா வயசானா அப்படித்தான்னு விட்டுடவும் விட்டுடாதீங்க. நான் பிசியோதெரபிஸ்ட், முதியவங்கதான் நிறைய பேர் வருவாங்க. நீங்க எழுதினதுல எனக்கு முதல்ல கண்ணுல பட்டது வைட்டமின் பி12 குறைபாடு. சைவம், அதோட பல வருஷமா மெட்பார்மின், ரெண்டும் சேந்தா பி12 குறையறதுக்கு வாய்ப்பு அதிகம். பாதம் மரத்துப்போறது, அசதி, மறதி எல்லாமே அதனால வரலாம். சுகரால நரம்பு பாதிச்சாலும் பாதம் மரத்துப்போகும், அதனால நீங்களா மாத்திரை வாங்கிக் கொடுக்காம பி12, தைராய்டு, ஹீமோகுளோபின் மூணும் டெஸ்ட் எடுத்துட்டு டாக்டர்கிட்ட காமிங்க. மெட்பார்மினையும் நீங்களா நிறுத்திடாதீங்க.

அடுத்தது தசை. நீங்க சொன்ன சாப்பாட்டுல ஒரு நாளைக்கு 20 கிராம் புரதம்கூட வராது, இந்த வயசுல கிலோவுக்கு 1 கிராமாவது வேணும், அதாவது 55 கிலோ எடைன்னா 55 கிராம். காலைல இட்லியோட கெட்டியா சாம்பார், பதினோரு மணிக்கு ஒரு கிண்ணம் பாசிப்பயறு சுண்டல், மத்தியானம் பருப்பும் தயிரும், ராத்திரி பிஸ்கட்டுக்கு பதில் அடையோ பன்னீரோ. கிட்னி பிரச்சினை இருந்தா மட்டும் டாக்டரைக் கேட்டுட்டு கூட்டுங்க. சேர்ல கைய மார்புக்கு குறுக்க கட்டிக்கிட்டு 30 செகண்டுல எத்தனை தடவை எந்திரிச்சு உக்கார முடியுதுன்னு பாருங்க. 70லேர்ந்து 74 வயசு பொம்பளைங்களுக்கு 10க்கு கீழ வந்தா கால்ல பலம் கம்மின்னு அர்த்தம், கீழ விழுற ஆபத்து உண்டு. முடியலன்னா சீட்ல ஒரு தலகாணி போட்டு உயரமாக்கி, பக்கத்துல நீங்க நின்னுக்கிட்டு தினம் செய்ய வைங்க, அந்த டெஸ்டே நல்ல பயிற்சியும்தான்.

கோவை_தாத்தா74:
ஏனுங்கம்மா, காது செக் பண்ணீங்களா? பின்னாடி நின்னு கூப்பிட்டா திரும்பறதில்ல, சம்பந்தமில்லாம சிரிக்கறாங்கன்னு படிச்சதும் என்னையே பாத்த மாதிரி இருந்துதுங்க. ரெண்டு வருஷம் நானும் அப்படித்தான் இருந்தேன். எதிர்ல இருக்கறவங்க வாய் அசையும், பாதி வார்த்தை வரும், திரும்பத் திரும்ப "என்ன, என்ன"னு கேட்டா அவங்க மூஞ்சி மாறும், அதனால எல்லாரும் சிரிக்கும்போது சிரிச்சு வெக்கறது. அப்புறம் கோயிலுக்கு போறதையும் கல்யாணத்துக்கு போறதையும் விட்டுட்டேன். வீட்ல நான் கோவமா இருக்கறதா நெனச்சாங்க.

வயசுல காது போறப்ப மெல்லிசான, கீச்சுன்னு இருக்கற சத்தம்தாங்க முதல்ல போகும், அதனாலதான் கொழந்தைங்க பேசறது புரியறதில்ல, ஆம்பள குரல் ஓரளவு கேக்கும். கேக்கலைன்னா பேச்சு குறையும், பேச்சு குறைஞ்சா மூளையும் மங்கலாம். மறதி நோய்க்கு நாம மாத்தக்கூடிய காரணம்னு 2024ல லான்செட் கமிஷன்ங்கற மருத்துவ நிபுணர் குழு 14 சொல்லிருக்கு, அதுல காது கேக்காமப் போறதும் ஒண்ணு, ஆளுங்களோட பழகாம தனியா இருக்கறதும் ஒண்ணு. சென்னைல கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் வளாகத்துல முதியோருக்குன்னே 200 படுக்கையோட 2024ல ஆஸ்பத்திரி திறந்திருக்காங்க, மறதி பயத்தை அங்க கேட்டுத் தெளிவு பண்ணிக்கலாம். ஆனா காது டாக்டரை முதல்ல பாருங்க. அதுவரைக்கும் டிவிய அணைச்சுட்டு மூஞ்சிக்கு நேரா நின்னு நிதானமா பேசுங்க, கத்த வேண்டாங்க.

மதுரை மருமக:
மேல ரெண்டு பேரும் சொன்னத செய்ங்க, நான் வீட்டுக்குள்ள நடக்கறத மட்டும் சொல்றேன். எங்க அத்தை கிராமத்துலேர்ந்து வந்தப்ப நானும் உக்காருங்க உக்காருங்கன்னுதான் சொன்னேன். ஒரு நாள் நார்த்தங்கா நெறைய வந்துச்சு, எனக்கு ஊறுகா போடத் தெரியாது, அவங்ககிட்ட கேட்டேன். அருவாமனைய எடுத்துட்டு தரையில உக்காந்தாங்க பாருங்க, காய சுருள் சுருளா நறுக்கி உப்ப திணிச்சு ஜாடில போட்டு, தினமும் மொட்டமாடி வெயில்ல வெச்சு எடுத்து, காக்கா வருதான்னு பாக்க மூணு தடவை படி ஏறுனாங்க. பக்கத்து பிளாட் பொம்பளைங்க அங்கதான் பழக்கமானாங்க. அதுலேர்ந்து ஊறுகா, வத்தல், கீரை எல்லாம் அவங்க பொறுப்பு, இன்னிக்கு என்ன கொழம்புன்னு அவங்கதான் சொல்லணும். வேலை கொடுக்கறது பெருசில்லங்க, அந்த வேலைல அவங்க சொல்றது நடக்கணும், நீங்க பின்னாடியே போய் திருத்தக்கூடாது.

இன்னொண்ணு, அப்பா போய் ஒரு வருஷம்கூட ஆகல. அம்பது வருஷம் கூட இருந்த மனுஷன், வீடு, வாசல், கொல்லை எல்லாம் ஒண்ணா போயிருக்கு. அப்பாவ பத்தி அவங்ககிட்ட பேசறீங்களா? அழுவாங்கன்னு பேசாம இருக்காதீங்க. தலைத்திவசத்துக்கு ஊருக்கு கூட்டிட்டு போய் ஒரு மாசம் விட்டுட்டு வாங்களேன். மக்களைத் தேடி மருத்துவம்ங்கற அரசு திட்டம் 2021லேர்ந்து இருக்கு, சுகர் மாத்திரை அங்க வீட்டுக்கே வரும். பாத்ரூம்ல கைப்பிடி கம்பியும் ராத்திரிக்கு ஒரு சின்ன லைட்டும் ரெண்டு வீட்லயும் போட்டுடுங்க.

மன்னைப்பொண்ணு:
மூணு வாரம் ஆச்சு. எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. பி12 ரொம்ப கம்மி, ஊசி ஆரம்பிச்சிருக்கோம். காதுல அழுக்கு அடைச்சிருந்தத எடுத்தாங்க, அப்புறம் டெஸ்ட் பண்ணதுல ரெண்டு காதும் கொறஞ்சிருக்கு, இப்ப மெஷின் போட்டுப் பழகறாங்க. முதல் நாள் வீட்டுக்கு வந்ததும் பேத்திய பாத்து "ஏண்டி கண்ணு, கொலுசு போட்ருக்கியா"ன்னு கேட்டாங்க. அது அம்மாவே அவளுக்கு பொறந்தநாளைக்கு வாங்கிக் கொடுத்தது, அவ கழட்டினதே இல்ல. நான் சமையக்கட்டுல போய் அழுதுட்டு வந்தேன்.

சேர்லேர்ந்து கைய ஊனாம ஒரு தடவகூட முடியல, இப்ப தலகாணி போட்டு நாலு. அப்பா பேச்ச நான்தான் எடுத்தேன், ராத்திரி பத்து மணி வரைக்கும் பேசினாங்க, நடுவுல அழுதாங்க, ஆனா அன்னிக்கு நல்லா தூங்கினாங்க. அடுத்த மாசம் திவசத்துக்கு ஊருக்கு போறோம், பொங்கல் வரைக்கும் அங்க இருக்கட்டும்னு அண்ணனும் ஒத்துக்கிட்டார். பால்கனில ரெண்டு தொட்டி வாங்கி வெச்சிருக்கேன், விதை ஊர்லேர்ந்து அவங்களே எடுத்துட்டு வர்றேன்னுட்டாங்க.