நரம்பு ஊடுருவலா, நரம்புப் பற்றுகையா?

வணக்கம்.

வாய்ப்புற்றுநோய்க் கட்டுரையில் 'பெரிநியூரல் இன்வேஷன்' (புற்று நரம்பைச் சுற்றியோ அதன் உறைக்குள்ளோ வளர்வது) என்பதற்குத் தமிழில் 'நரம்பு ஊடுருவல்' போதும் என்ற கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. ஊடுருவல் என்றால் உள்ளே புகுவது. ஆனால் திசுவை நுண்ணோக்கியில் ஆராயும் நோயியல் மருத்துவர் இதை உறுதிசெய்யப் புற்றணுக்கள் நரம்புக்குள் புகுந்தே இருக்க வேண்டும் என்பதில்லை. நரம்பை ஒட்டி வளர்ந்து அதன் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கையாவது வளைத்திருந்தாலும் சரி, நரம்பின் மூன்று உறைகளுள் ஏதேனும் ஒன்றுக்குள் இருந்தாலும் சரி; 2009 முதல் பரவலாக எடுத்தாளப்படும் வரையறை இது. 'நரம்புசூழ் ஊடுருவல்' என்று வைத்தாலோ உள்ளே புகுந்த நிலை விடுபட்டுப்போகும்.

'நரம்புப் பற்றுகை' என்பது என் முன்மொழிவு. கொடியும் பற்றும், தீயும் பற்றும். சுற்றிப் பிடிப்பது, உள்ளே இறங்குவது இரண்டுக்கும் இச்சொல் இடம் தருகிறது. "புற்று நரம்பைப் பற்றியுள்ளது", "நரம்புப் பற்றுகை காணப்படவில்லை" என்று அறிக்கையிலும் தடையின்றி வரும்.

மூலக்கூற்று ஆய்வுகளும் இதற்கே வலுச் சேர்க்கின்றன. புற்று எளிதான தடம் பார்த்து நரம்போரம் நழுவிச் செல்கிறது என்ற பழைய விளக்கம் இன்று போதாது. நரம்பு வளரத் தூண்டும் புரதமான நரம்பு வளர்ச்சிக் காரணியும், அதைப் பெற்றுக்கொள்ளப் புற்றணுவின் மேலுள்ள ஏற்பியும் புற்று, நரம்பு ஆகிய இருதரப்பையும் ஈர்க்கின்றன. ரீட்டா லெவி-மொந்தால்சினிக்கும் ஸ்டான்லி கோகனுக்கும் 1986இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த வளர்ச்சிக் காரணிகளுள் ஒன்றுதான் அது. அணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் நரம்பணு ஒட்டு மூலக்கூறும் இவ்வகையில் ஆராயப்படுகிறது. ஆயினும் இவற்றுள் எதுவும் நுண்ணோக்கிப் பரிசோதனையின் இடத்தைப் பிடித்துவிடவில்லை. திசுவில் நரம்பை எடுத்துக்காட்டப் பயன்படும் எஸ்-100 சாயத்தைக் கட்டுரையில் இத்தகைய மூலக்கூறுகளின் பட்டியலில் சேர்த்திருப்பதை நீக்க வேண்டும். அது நரம்பைத்தான் காட்டும், பற்றுகையை அன்று.

நோய் இனி எப்படிப் போகும் என்பதைக் குறிக்கும் 'ப்ராக்னோசிஸ்' என்பதற்கு 'முன்கணிப்பு' வேண்டாம், 'நோய்ப்போக்கு' என்றே வைப்போம். நரம்புப் பற்றுகை உள்ளவர்களுக்கு அதே இடத்தில் நோய் மீளும் வாய்ப்பு மிகுதி. அறுவைக்குப் பின் கதிர்வீச்சு தரலாமா என்று மருத்துவர்கள் எண்ணிப் பார்க்கும் காரணங்களுள் அதுவும் ஒன்று. ஆகவே அது நோய்ப்போக்கு காட்டும் குறிப்பான். குறிப்பிட்ட மருந்து பலன் தருமா என்று முன்கூட்டிச் சொல்லும் குறிப்பான் வேறு. 'முன்கணிப்பு' என்ற சொல்லை அதற்கு விட்டுவைக்கலாம்.

பெரிய நரம்புகளின் வழியே புற்று நெடுந்தொலைவு சென்று, எம்ஆர்ஐ படத்திலேயே தென்படும் நிலையைப் பற்றுகை என்று சொல்லக் கூடாது. அதற்கு 'நரம்புவழிப் பரவல்' பொருந்துமா என்று கதிரியல் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.