தரம் 3 பிள்ளையளின்ர வாசிப்புக்கு உதவி வேணும்
எல்லாருக்கும் வணக்கம். வடமராட்சியில தரம் 3 படிப்பிக்கிறன். சில பிள்ளையள் 247 எழுத்தையும் ஒப்புவிப்பினம், வசனம் குடுத்தால் தடக்குப்படுகினம். கொம்பும் (ெ) அரவும் (ா) சேர்ந்து வாற எழுத்துகள்தான் பெரிய கரைச்சல். 'கொக்கு' எண்டதில பின்னால நிக்கிற அரவை 'ர' எண்டு நினைச்சு 'கெரக்கு' எண்டு வாசிக்குது ஒரு பிள்ளை. கெட்டிக்காரப் பிள்ளை, கதை சொல்லச் சொன்னால் விடாமல் சொல்லும். இன்னும் சிலர் பாடப்புத்தகத்தைப் பாடமாக்கி வைச்சிருக்கினம். அதே சொல்லைக் கரும்பலகையில எழுதினால் தெரியாது.

ஆரம்பப்பிரிவு ஆசிரியர்மார், இதுக்கு என்ன பயிற்சி குடுக்கிறனீங்கள்? ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில இவையளும் எழும்பி நிண்டு வாசிக்கவேணும் எண்டு சரியான ஆசை. பெரிய எழுத்தில, பக்கத்துக்கு ஒரு வசனம் வாற கதைப்புத்தகங்கள் வீட்டில கிடந்தால் சொல்லுங்கோ, யாழ்ப்பாணத்துக்குள்ள எங்கயெண்டாலும் வந்து எடுக்கிறன்.