வீடியோ அழைப்பு மணி: செங்கோட்டையிலிருந்து ஒரு புதுப்பிப்பு
வாசலில் நிற்பவரைக் கைப்பேசியில் காட்டும் வீடியோ அழைப்பு மணி வீட்டுப் பாதுகாப்புக்கு உண்மையில் உதவுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பலர் வாங்கச் சொன்னீர்கள், சிலர் கதவைப் பலப்படுத்தச் சொன்னீர்கள். ஒரு சாரல் பருவம் முடிந்தபின் எழுதுகிறேன்.

கம்பி வழி இயங்கும் கருவிகளில் பல 16 முதல் 24 வோல்ட் மின்சாரத்துக்கானவை. நம் வீட்டு மணியோ பெரும்பாலும் நேரடியாக 230 வோல்ட்டில் இயங்குவதால், தக்க டிரான்ஸ்பார்மர் இல்லாமல் பழைய வயரில் அவற்றை இணைக்கவே கூடாது. ஆகவே பேட்டரி வகையை வாங்கினேன். ஆனால் ஆரியங்காவுக் கணவாய் வழியே காற்று இறங்கும் ஆடியில், வாசல் வாழையிலை அசைந்தபோதெல்லாம் கைப்பேசி ஒலித்தது, பேட்டரியும் வேகமாகக் கரைந்தது. கண்காணிக்கும் பரப்பைத் திண்ணை அளவுக்குச் சுருக்கிய பின்னரே அது அடங்கியது. மின்தடையின்போது ரவுட்டர் அணைந்துவிட்டால் அறிவிப்பு வராது என்பதால், அதற்கும் ஒரு சிறிய யுபிஎஸ் தேவைப்பட்டது.

பயன் இல்லாமல் இல்லை. நான் புனலூரில் வேலையில் இருக்கும்போது கூரியர்க்காரரிடம் பேச முடிகிறது. அம்மா கதவைத் திறக்குமுன் வந்தவர் யாரென்று பார்த்துக்கொள்கிறார். எனினும் கொல்லைப்புறமாக வருபவனை இது காணாது. முகத்தை மூடி வருபவனைக் கண்டாலும் பெரிய பலனில்லை.

பதிவுகள் எங்கே சேமிக்கப்படுகின்றன என்பதையும் பாருங்கள். ஊழியர்கள் வாடிக்கையாளரின் வீட்டுக் காட்சிகளைப் பார்க்க இடமளித்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் 2023இல் தொடுத்த வழக்கில், இத்தகைய மணிகளை விற்கும் ரிங் நிறுவனம் 58 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. அதனால் நான் பதிவை வீட்டிலேயே சேமிக்கும் மெமரி கார்டு வகையையே வைத்திருக்கிறேன். எதிர்வீட்டு வாசல் பதிவாகாதபடி கோணத்தையும் திருப்பிவிட்டேன். கொல்லைக் கதவுக்கு இரும்புத் தாழ்ப்பாள் போட ஆசாரியிடம் சொல்லியாயிற்று.