அப்ரண்டிஸ் (தொழில் பழகுபவர்) எடுத்தவர்கள், அப்ரண்டிஸாக இருந்தவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

பட்டறைக்காரன்:
நானே ஆரம்பிக்கிறேன். கோவை கணபதி பக்கம் பம்ப் உதிரிபாகம் செய்கிற பட்டறை வைத்திருக்கிறேன். சொந்த ஆட்கள் 22 பேர், காண்ட்ராக்டில் 12 பேர். 1961 அப்ரண்டிஸ் சட்டமெல்லாம் பெரிய கம்பெனிக்குத்தான் என்று இருந்தவனிடம் 2022ல் ஆடிட்டர் சொன்னார்: 2019 விதித் திருத்தத்துக்கு அப்புறம் 30 பேர் இருந்தாலே அப்ரண்டிஸ் எடுப்பது கட்டாயம், காண்ட்ராக்ட் ஆளும் கணக்கில் சேரும், மொத்த ஆட்களில் இரண்டரை முதல் 15 சதவீதம் வரை எடுக்கணும் என்று. எடுக்காவிட்டால் ஜெயிலா என்று கேட்டேன். அது 2014லேயே போய்விட்டதாம். குறைகிற ஒவ்வொரு ஆளுக்கும் மாதம் 500 அபராதம், மூன்று மாதம் தாண்டினால் 1000. ஐடிஐ முடித்த பையனுக்கு மாதம் 7000 உதவித்தொகை கொடுப்பதைவிட அபராதமே மலிவு என்று மனசு ஒரு நிமிஷம் கணக்குப் போட்டது, பொய் சொல்லவில்லை.

சரி, வருவது வரட்டும் என்று ஒரு ஃபிட்டர் பையனை எடுத்தேன். எடுத்த பிறகுதான் தெரிந்தது, கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. என் மேஸ்திரி பீஸ் ரேட்டில், அதாவது செய்கிற பீஸ் எண்ணிக்கைக்குக் கூலி வாங்கி ஓடுகிறவர். அளவு பார்க்கும் வெர்னியரைப் பையன் கையில் கொடுத்து அரை மணி பக்கத்தில் நின்றால் அவருக்கு அன்றைக்கு நாலு பீஸ் குறையும். ஒரு மாசம் பையன் பெருக்கினான், டீ வாங்கினான், அவ்வளவுதான். நாப்ஸ் என்கிற அப்ரண்டிஸ் ஊக்கத் திட்டத்தில், உதவித்தொகையில் அரசு அப்போது எனக்குத் திருப்பித் தந்த 1500ஐ அப்படியே மேஸ்திரிக்குத் தள்ளிவிட்டேன். மறுநாள் பையன் கையில் அரம் இருந்தது.

ஃபிட்டர்2021:
உங்க பையன் கொடுத்துவைத்தவன் அண்ணா. நான் இருந்தது பெரிய ஃபேக்டரி, கேன்டீன், யூனிஃபார்ம் எல்லாம் உண்டு. ஆனால் 11 மாசம் ஒரே ட்ரில்லிங் மெஷின், ஒரே ஃபிளேஞ்ச் (குழாயை இணைக்கும் வளையம்), ஒரு ஃபிளேஞ்சுக்கு எட்டு ஓட்டை. பயிற்சி நோட்டை வருஷக் கடைசியில் ஒரே சாயங்காலம் உட்கார்ந்து எழுதினோம், மை ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வரும் என்று சூப்பர்வைசரே மூன்று பேனா கொடுத்தார்! பரீட்சையில் டவ்டெயில் ஃபிட்டிங் வந்தது, இரண்டு இரும்புத் துண்டை ஒன்றுக்குள் ஒன்று பூட்டுகிற மாதிரி ராவுகிற வேலை. ஐடிஐயில் செய்தது, கை மறந்தே போயிருந்தது. எப்படியோ தப்பித்தேன். அப்ரண்டிஸ் சான்றிதழுக்கு ரயில்வே லெவல் 1 (கடைநிலை) வேலையில் 20 சதவீதம் ஒதுக்கீடு என்று நினைத்துத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன், அது ரயில்வேயிலேயே பயிற்சி எடுத்தவர்களுக்கு மட்டும் என்று அப்புறம்தான் தெரிந்தது.

ஓவர்டைமும் பார்த்தோம். அப்ரண்டிஸ் அட்வைசர் என்கிற அரசு அதிகாரியின் அனுமதி இல்லாமல் பார்க்க விடவே கூடாது என்று அப்ரண்டிஸ் சட்டத்தின் 15வது பிரிவில் இருப்பதை வெளியே வந்த பிறகுதான் படித்தேன். எங்களுக்குக் கிடைத்தது டீயும் வடையும்.

ஷிஃப்ட்பி:
நான் நிரந்தரத் தொழிலாளி, 19 வருஷ சர்வீஸ். எங்கள் லைனில் ஒருத்தர் ரிட்டயர் ஆனால் அந்த இடத்துக்கு ஆள் போடுவதில்லை, அடுத்த பேட்ச் அப்ரண்டிஸ் வந்து நிற்பான். 18வது பிரிவுப்படி அவன் பயிற்சி பெறுபவன், தொழிலாளி இல்லை. அதனால் பிஎஃப் கிடையாது, இஎஸ்ஐ கிடையாது, எங்கள் சங்கத்திலும் சேர முடியாது. முடித்தவனை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு முதலாளியும் ஒரு கொள்கை வகுக்கணும் என்று 2014ல் சேர்த்தார்கள். எங்கள் இடத்தில் அந்தக் கொள்கை நோட்டீஸ் போர்டில் இரண்டு வரி: காலியிடம் இருந்தால் பரிசீலிக்கப்படும். காலியிடம் எப்படி இருக்கும், அதில்தான் அடுத்த பையன் நிற்கிறானே?

தகடு அழுத்தும் பிரெஸ் மெஷினில் ஒரு பையனுக்குச் சுட்டுவிரல் நுனி போனது. ஆஸ்பத்திரி பில்லைக் கட்டிவிட்டு, "நீ ஒர்க்கர் இல்லையே, நஷ்டஈடு எப்படித் தர்றது" என்றார்கள். அவனும் நம்பிவிட்டான். ஆனால் 16வது பிரிவு தெளிவாக இருக்கிறது, பயிற்சியில் அடிபட்டால் அப்போதிருந்த 1923 நஷ்டஈட்டுச் சட்டப்படி முதலாளிதான் கொடுக்கணும். அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து அவன் அப்பாவிடம் கொடுத்தேன். நாலு மாசம் நடந்தார், பணம் வந்தது. அதற்கப்புறம்தான் அந்த மெஷினுக்குப் பாதுகாப்புத் தடுப்பும் வந்தது.

ஹெச்ஆர்அக்கா:
ஒன்று மட்டும் சொல்கிறேன் தம்பிகளா. அரசின் அப்ரண்டிஸ்ஷிப் போர்ட்டலில் (இணையதளத்தில்) உங்கள் பெயரில் ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறதா என்று முதல் வாரமே பாருங்கள். பதிவே செய்யாமல் "ட்ரெய்னி" என்று அடையாள அட்டை மட்டும் அடித்துக் கொடுத்தால் அந்த 18வது பிரிவு கம்பெனிக்குத் துணை வராது. நான் முன்பு இருந்த ஒரு இடத்தில் 40 பேரை அப்படித்தான் வைத்திருந்தார்கள், பிஎஃப் ஆய்வுக்கு வந்தபோது பழைய பாக்கியோடு கட்ட வேண்டியதாயிற்று. ஃபைலைத் தேடி ஓடியது நான்.

பட்டறைக்காரன்:
ஷிஃப்ட்பி அண்ணன் சொன்னது சுருக்கென்று இருந்தது. என் பையன் முடித்ததும் 14000 சம்பளம் போட்டு வைத்துக்கொண்டேன். எட்டாவது மாசம் ஓசூருக்கு, பெரிய கம்பெனிக்குப் போய்விட்டான். என்னைவிட மேஸ்திரிக்குத்தான் கோபம், இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. இப்போது அடுத்தவனுக்குப் போர்ட்டலில் ஒப்பந்தம் போட்டுக்கொண்டிருக்கிறேன், ஆதார் ஓடிபி வரவே மாட்டேன் என்கிறது. வேறு யாருக்காவது இப்படி ஆச்சா?