ட்ரைசூட்: பழைய ட்ரைலாமினேட்டா, புது நியோபிரீனா?

குளிர்ரத்தம்:
ஸ்கூபா டைவிங்குக்கு இதுவரை, உள்ளே தண்ணீர் புகும் 7 மி.மீ. வெட்சூட்டிலேயே காலத்தை ஓட்டிவிட்டேன். தண்ணீர் 6, 7 டிகிரி. முதல் டைவ் எப்படியோ ஒப்பேறிவிடும். இரண்டாவதில் இருபது நிமிடம் போனால் பல் கிடுகிடுக்க ஆரம்பித்துவிடுகிறது. போன வாரம் விரல் மரத்துப்போய் ஃபின் (கால் துடுப்பு) பட்டையைக் கழற்ற முடியவில்லை, கூட வந்தவர்தான் கழற்றிவிட்டார். சரி, இனி உடம்பை நனைய விடாத ட்ரைசூட்தான் என்று முடிவெடுத்துவிட்டேன்.

இரண்டு கண்ணில் பட்டிருக்கின்றன. ஒன்று புது நியோபிரீன் (ரப்பர் நுரை), 4 மி.மீ., ஜிப் முதுகுப் பக்கம். இன்னொன்று ஒருவர் நான்கு வருடம் போட்டுவிட்டு விற்கும் ட்ரைலாமினேட், முன்பக்க ஜிப், கழுத்திலும் மணிக்கட்டிலும் தண்ணீரைத் தடுக்க லேட்டக்ஸ் சீல். விலை ஏறக்குறைய ஒன்றுதான். ட்ரைலாமினேட்டைப் போட்டும் பார்த்தேன், டி-ஷர்ட்டின் மேல் கச்சிதமாக இருந்தது. எதை எடுக்கலாம்?

முக்குளிப்பான்:
"டி-ஷர்ட்டின் மேல் கச்சிதமாக" என்று படித்ததும் எனக்குத் திக்கென்றது. ட்ரைலாமினேட் என்பது இரண்டு துணிக்கு நடுவே ஒரு ரப்பர் படலம், அவ்வளவுதான். தண்ணீரைத் தடுக்கும், குளிரைத் தடுக்காது. கதகதப்பெல்லாம் உள்ளே போடும் அண்டர்சூட்டிலும் அதில் தங்கும் காற்றிலும்தான் இருக்கிறது. அதனால் முதலில் அண்டர்சூட்டை வாங்குங்கள், அதைப் போட்டுக்கொண்டு ட்ரைசூட் பார்க்கப் போங்கள். பருத்தி பனியன் மட்டும் வேண்டாம், வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு உங்களையே குளிர வைக்கும்.

போட்டதும் கண்ணாடி முன் நிற்காதீர்கள். குந்தி உட்காருங்கள். இரண்டு கையாலும் உங்களையே இறுகக் கட்டிக்கொள்ளுங்கள். பிறகு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் சிலிண்டர் வால்வைத் திருகுவதுபோல் செய்யுங்கள். கவட்டையில் இழுத்தாலோ தோளில் பிடித்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அந்தத் துணி இழுபட்டுக் கொடுக்காது. என் முதல் சூட்டை நானும் உங்களைப்போலத்தான் பார்த்து வாங்கினேன். தடித்த அண்டர்சூட் போட்டால் கை மேலே போகவில்லை. போட்ட காசுக்காக மெல்லியதைப் போட்டுக்கொண்டு ஒரு குளிர்காலம் முழுக்க உலர்ந்த உடம்போடு நடுங்கினேன்.

சீல் விஷயம் அவ்வளவு பயமில்லை. விளிம்பை லேசாக இழுத்து வெளிச்சத்தில் பாருங்கள், பிசுபிசுத்தாலோ மயிரிழை வெடிப்பு தெரிந்தாலோ மாற்ற வேண்டியதுதான். லேட்டக்ஸ் வெயிலிலும் எண்ணெயிலும் கெடும், எப்படியும் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றும் பொருள். பார்க்க வேண்டியது ஜிப்பைத்தான். அது பித்தளையா பிளாஸ்டிக்கா என்று கேளுங்கள். ஓரத்துத் துணி நூல் பிரிந்திருக்கிறதா, ஏதாவது ஒரு பல் கோணியிருக்கிறதா என்று முழு நீளத்துக்கும் விரலால் தடவிப் பாருங்கள். ஜிப் மாற்றுவது சீல் மாற்றுவதுபோலச் சின்ன வேலை இல்லை, செலவும் அப்படித்தான்.

தவளைக்கால்:
எல்லாரும் ட்ரைலாமினேட் புராணம் பாடுவார்கள் என்று தெரியும், நியோபிரீனுக்கு நான் ஒருவனாவது பேசுகிறேன். உடம்போடு நீளும், நீந்தச் சுகம், தண்ணீர் புகுந்தாலும் கொஞ்சம் சூடு மிஞ்சும். குறையும் உண்டு. 10 மீட்டரில் அழுத்தம் இரட்டிப்பாகிறது இல்லையா, நுரைக்குள் இருக்கும் குமிழ்கள் நசுங்கி மிதப்பும் கதகதப்பும் சேர்ந்தே குறையும். உங்கள் 4 மி.மீ. முன்பே நசுக்கிச் செய்த ரகமா, சாதாரண நுரையா என்று கேட்டுவிடுங்கள். நசுக்கிய ரகம் ஆழத்தில் அதிகம் மாறாது, ஆனால் அதற்கும் உள்ளே ஏதாவது போட்டாக வேண்டும். அப்புறம், காய ஒரு நாள் ஆகும். அதைத் தூக்கிக்கொண்டு படியேறும்போது என்னைத் திட்டக்கூடாது.

குளிர்ரத்தம்:
அண்டர்சூட்டோடு போய் மறுபடி போட்டுப் பார்த்தேன் அண்ணா. குந்தினேன், பரவாயில்லை. கை காதுக்கு மேல் போகவில்லை. விற்கிறவர் "போடப் போடப் பழகிவிடும்" என்றார். வந்துவிட்டேன். நியோபிரீன் நசுக்கிய ரகம்தானாம், அதில் கை நன்றாகவே போகிறது. கழுத்து சீல் மட்டும் நெரிக்கிறது, இறுக்கமாக இருந்தால்தானே நனையாது?

முக்குளிப்பான்:
இல்லை! கழுத்துத் தமனியை அழுத்தினால் தலை கிறுகிறுக்கும், மயக்கமே வரலாம். கடையிலேயே தளர்த்தித் தரச் சொல்லுங்கள், அதுவரை தண்ணீரில் இறங்க வேண்டாம்.

முதல் சில டைவ் ஆழம் குறைந்த இடத்தில், சொல்லிக்கொடுக்க ஒருவரை வைத்துக்கொண்டு போங்கள். இறங்கும்போது சூட்டுக்குள் காற்றைச் சேர்க்காவிட்டால் சூட் உடம்பெல்லாம் கிள்ளும். ஏறும்போது இடது புஜத்து வால்வு முழுக்கத் திறந்திருக்கட்டும், முழங்கையைத் தூக்கினால் காற்று தானே வெளியேறும். காற்று காலுக்கு ஓடிவிட்டால் தலைகீழாக மேலே தூக்கிக்கொண்டு போய்விடும். உடனே முழங்காலை மடக்கிக் குட்டிக்கரணம் போட்டு நிமிர வேண்டும். இதை மட்டும் திரும்பத் திரும்பப் பழகுங்கள்.

குளிர்ரத்தம்:
கழுத்தைச் சரிசெய்து வாங்கிவிட்டேன். நேற்று 5 மீட்டரில் நாற்பது நிமிடம். குட்டிக்கரணம் மூன்றாவது தடவைதான் வந்தது. வெளியே வந்து கழற்றினால் உடம்பெல்லாம் காய்ந்திருக்கிறது, வலது முழங்கை வரை மட்டும் ஈரம். சூட் ஓட்டையா?

தவளைக்கால்:
டார்ச்சை எந்தக் கையில் பிடித்திருந்தீர்கள்? இறுகப் பிடித்தால் மணிக்கட்டில் தசைநாண் புடைத்து இரண்டு பக்கமும் பள்ளம் விழும், அந்த வாய்க்கால் வழியாகத்தான் தண்ணீர் ஏறும்.

குளிர்ரத்தம்:
வலது கையில்தான்.