சாயக்கழிவில் 'ஜீரோ டிஸ்சார்ஜ்': திருப்பூருக்கு ஒரு சட்டம், டாக்காவுக்கு ஒரு சட்டமா?

மஞ்சள்நூல் கேட்டது:
2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதற்குப் பிறகு, கழிவுநீரை வெளியே விடாத பட்டறைதான் ஓடலாம் என்றாகிவிட்டது. டாக்கா பக்கமும் இதே பனியன் துணி, பருத்திக்குப் போடும் இதே ரியாக்டிவ் சாயம். அங்கே சாதாரண ஈ.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) இருந்தால் போதும் என்கிறார்கள். வாங்குகிற கம்பெனிகளும் பெரும்பாலும் ஒன்றே. செலவு சரியாக எந்த இடத்தில் ஏறுகிறது? குறைக்க வழி உண்டா?

உப்புக்கணக்கு:
சாயத்தில் இல்லை, உப்பில் ஏறுகிறது. இந்தச் சாயம் துணியில் ஏற உப்பு போட்டாக வேண்டும். அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 60 கிராம் உப்பு, லிக்கர் ரேஷியோ 1:8 (ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் நீர்) என்று வையுங்கள். ஒரு கிலோ துணிக்கு 480 கிராம் உப்பு. துணி அதில் எதையும் எடுத்துக்கொள்வதில்லை, அத்தனையும் கழிவில் வருகிறது. நுண்ணுயிர் வைத்துச் சுத்திகரிக்கும் பயாலஜிக்கல் தொட்டி சி.ஓ.டி.யை (நீரிலுள்ள கரிமக் கழிவின் அளவுகோல்) குறைக்கும், நிறத்தையும் ஓரளவு எடுக்கும். உப்பைத் தொடவே தொடாது.

அதனால்தான் ஆர்.ஓ. (நீரைச் சவ்வு வழியே அழுத்தி உப்பைப் பிரிப்பது) தேவைப்படுகிறது. அதன் உள்ளே போகும் நீரின் டி.டி.எஸ். (கரைந்துள்ள உப்புகளின் அளவு, லிட்டருக்கு மில்லிகிராமில்) 7,000, மீட்பு 85% என்றால், மிச்சம் 15% ரிஜெக்டில் டி.டி.எஸ். 46,000க்கு மேல் நிற்கும். ஆயிரம் கிலோலிட்டருக்கு 150 கிலோலிட்டர் ரிஜெக்ட். அதை நாலு எஃபெக்ட் எவாப்பரேட்டரில் (ஒரே நீராவிச் சூட்டை நாலு கட்டமாகப் பயன்படுத்தும் ஆவியாக்கி) காய்ச்சினால் டன்னுக்குச் சுமார் 300 கிலோ நீராவி. மொத்தம் 45 டன். அந்தக் கொதிகலனுக்கு விறகு எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. ஆற்றைக் காப்பாற்றும் செலவில் ஒரு பங்கு காட்டின் தலையில்தான் விழுகிறது.

கிளாபர்:
மேலே சொன்னது சரி. ஆனால் ரிஜெக்ட் முழுவதையும் காய்ச்சத் தேவையில்லை. கால்சியம், மெக்னீசியத்தை நீக்கி, வேண்டிய அடர்த்திக்குக் கொண்டுவந்து, உப்புக்கரைசலாகவே பட்டறைக்குத் திருப்பி அனுப்பலாம். கடினத்தன்மை மிச்சமிருந்தால் துணியில் திட்டுத்திட்டாக நிறம் பிடிக்கும். கரைசலில் லேசான மஞ்சள் தங்கினாலே வெளிர் நிறங்களுக்கு ஆகாது. கறுப்பு, நேவிக்கு ஓட்டலாம்.

பெரிய சிக்கல் வேறு. பல பட்டறைகள் சேர்ந்து நடத்தும் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் உறுப்பினர்களில் சிலர் சோடியம் சல்பேட், சிலர் சாதா உப்பு போட்டால் கடைசியில் கலப்பு உப்புதான் கிடைக்கும். சல்பேட்டின் கரைதிறன் 32 டிகிரிக்குக் கீழே சடசடவென்று இறங்கும். 10 டிகிரிக்குக் குளிர்வித்தால் கிளாபர் உப்பாக (நீர் சேர்ந்த சோடியம் சல்பேட் படிகம்) விழுந்துவிடும். சாதா உப்பு, அதாவது சோடியம் குளோரைடு, அப்படி விழாது, கரைசலிலேயே சுற்றிச் சுற்றிச் சேரும், ஸ்டீலையும் அரிக்கும். அந்தக் கலப்பு உப்பை யாரும் வாங்குவதில்லை, கொட்டவும் இடமில்லை, மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் கிடக்கிறது. எல்லோரும் சல்பேட்டுக்கு மாறுவது என்று முதலில் முடிவெடுக்க வேண்டும். ஆர்.ஓ. பிறகு.

ஈரக்காற்று:
டாக்கா பற்றி: 2023 வரை இருந்த வங்கதேசத்தின் 1997 விதிகளிலும் ஆற்றில் விடும் நீருக்கு டி.டி.எஸ். வரம்பு 2,100ஆகத்தான் இருந்தது, இந்தியாவிலும் அதேதான். வித்தியாசம் அந்த எண்ணில் வரவில்லை, நிலத்தில் இருக்கிறது. திருப்பூர் வழியே போகும் நொய்யலில் வருஷத்தில் பாதி நாள் ஓட்டமே இல்லை, ஒரத்துப்பாளையம் அணையில் சாயநீர் தேங்கி நின்றது. டாக்கா பக்கத்து ஆறுகளான துராக், சீதலக்‌ஷ்யாவில் பருவமழைக் காலத்தில் வெள்ளம் கழுவிக்கொண்டு போய்விடும். கோடையில்தான் ஆறு கறுக்கும். சீனாவில் ஷாவோஷிங் சாயப்பட்டறைகளைக் கடலோர மண்டலத்துக்கு நகர்த்தினார்கள். கழிமுகத்தில் உப்பு அவ்வளவு உறுத்தாது, சி.ஓ.டி.தான் முக்கியக் கவலை. திருப்பூருக்குக் கடல் கிடையாது.

மஞ்சள்நூல்:
சாயக்கரைசலில் துணியை நனைத்துப் பிழிந்து (பேடிங்), சூடாக்காமல் சுருட்டி வைக்கும், உப்பே போடாத கோல்டு பேட் பேட்ச் முறை?

கிளாபர்:
நல்ல வழி, உப்பு பூஜ்யம். ஆனால் குழாய்த்துணியை வெட்டித் திறந்தால்தான் பேடிங் நடக்கும், ஓரம் சுருண்டால் அங்கே கோடு விழும். சாயமேற்றிய சுருளை 12 முதல் 24 மணி நேரம் சுற்றிக்கொண்டே வைக்க வேண்டும், அவசர ஆர்டருக்கு ஒத்துவராது. இன்னொன்று: வழக்கமான செய்முறையில் சோடியம் சிலிகேட் வரும். அந்த சிலிக்கா ஆர்.ஓ. மெம்பரேனில் படிந்தால் ஆசிட் கழுவலுக்கும் அசையாது. சிலிகேட் இல்லாத காரக்கலவை கேட்டு வாங்குங்கள். இதெல்லாம் முடியாதென்றால் 1:8 பழைய மெஷினைத் தூக்கிவிட்டு, குறைந்த நீரில் சாயமேற்றும் 1:6 சாஃப்ட் ஃப்ளோ மெஷின் போடுங்கள். 480 கிராம் 360 ஆகும்.